218-இல் இருந்து கழற்றிய சவுண்டு டிகோடரை 216-இல் செருகலாமா?

நெக்கார்கரை:

எல்லோருக்கும் வணக்கம். எஸ்லிங்கனில் இருக்கிறேன். நிலவறையில் நாலு மீட்டர் பலகையில் மாடல் ரயில், ஹெச்ஓ அளவு (1:87), இரண்டு தண்டவாளம், டிசிசி என்ற டிஜிட்டல் கட்டுப்பாடு. மூன்று வருடமாகத்தான் இந்த வேலை. சால்டர் பிடிக்கத் தெரியும், ஆனால் எலக்ட்ரானிக்ஸ் படித்தவன் இல்லை.

கீழ்வீட்டுப் பெரியவர் முதியோர் இல்லத்துக்குப் போகும்போது ஒரு லோகோவைக் கையில் கொடுத்துவிட்டுப் போனார். நீலமும் பீஜும் பூசிய 218, ஜெர்மன் டீசல் வகை. மார்க்லின் கம்பெனியின் மூன்று தண்டவாள முறை, அடியில் நடுத்தண்டவாளத்தைத் தொடும் நீளத் தகடு இருக்கிறது. என் பாதையில் ஓடாது என்று அலமாரியில் வைத்திருந்தேன். போன வாரம் என் மகள் எடுத்துப் பார்க்கும்போது கைநழுவித் தரையில் விழுந்துவிட்டது. ஒரு போகி (சக்கரங்களைத் தாங்கும் சட்டம்) உடைந்து, பல்சக்கரம் இரண்டாகப் பிளந்துவிட்டது. அவள் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

உள்ளே இருக்கும் சவுண்டு டிகோடர், அதாவது கட்டளையை வாங்கி மோட்டார், விளக்கு, சத்தம் மூன்றையும் இயக்கும் சின்னப் பலகை, நன்றாகவே இருக்கிறது. நண்பர் வீட்டு மூன்று தண்டவாளப் பாதையில் வைத்துப் பார்த்தோம், எஞ்சின் சத்தம் வந்தது. அந்தச் சத்தத்தைத்தான் பெரியவர் எனக்குப் போட்டுக் காட்டுவார். அதை எப்படியாவது காப்பாற்ற வேண்டும்.

என்னிடம் இரண்டு தண்டவாள 216 டீசல் லோகோ ஒன்று இருக்கிறது, வேறு கம்பெனி. டிகோடர் இல்லாமல் வாங்கியது. அதிலும் 21 பின் சாக்கெட்தான், இப்போது வெறும் இணைப்புத் தகடு செருகியிருக்கிறது. நான் மாற்ற நினைப்பவை மூன்று: டிகோடர், ஸ்பீக்கர், அப்புறம் 218-இன் முன்விளக்குப் போர்டு. அதில் ஓட்டுநர் அறைக்குள் ஒரு சின்ன விளக்கு எரியும், ரொம்ப அழகாக இருக்கும்.

இரண்டு பக்கமும் 21 பின். அப்படியே கழற்றிச் செருகினால் போதுமா? போதும் என்றால் இன்றைக்கே செய்துவிடுவேன். ஏதோ உள்ளுக்குள் தடுக்கிறது, அதனால் கேட்கிறேன்.


பழைய பாயிண்ட்ஸ்மேன்:

தம்பி, உள்ளுக்குள் தடுத்தது நல்லதுக்குத்தான். இன்றைக்குச் செருகாதீர்கள். அந்த டிகோடர் 216-இல் பேசும், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் நீங்கள் சொன்ன மூன்றையும் ஒரே நாளில் மாற்றினால், ஏதாவது ஒன்று தவறினால்கூட எது தவறியது என்று தெரியாமல் போய்விடும். ஒவ்வொன்றாகப் போவோம்.

முதலில் ஒரு விஷயம் மனதில் பதிய வேண்டும். பின் பொருந்துவது வேறு, பின்னுக்குப் பின்னால் இருப்பது பொருந்துவது வேறு. 21 என்ற எண்ணைப் பார்த்து நானும் ஒரு காலத்தில் நிம்மதியாக இருந்தவன்தான். அந்தத் தரத்தில் மோட்டாருக்கு 18, 19. தண்டவாளத்துக்கு 21, 22. ஸ்பீக்கருக்கு 9, 10. முன்பின் விளக்குக்கு 7, 8. இவற்றில் எந்தக் கம்பெனியிலும் குழப்பம் வராது. 11-ஆவது பின் இருக்கவே இருக்காது, திருப்பிச் செருகிவிடக் கூடாது என்பதற்காக அதை விட்டிருக்கிறார்கள். செருகும்போது லேசாகத் தடுத்தால் அழுத்தாதீர்கள். அந்தப் பின்கள் தலைமுடி மாதிரி, ஒருமுறை வளைந்தால் நிமிர்த்தும்போது ஒடிந்துவிடும்.

சிக்கல் 13-இலும் 4-இலும் இருக்கிறது. மூன்றாவது, நான்காவது துணை வெளியீடுகள். பொதுத் தரப்படி இவை வெறும் சமிக்ஞை மட்டும்தான் கொடுக்கும். 'எரியட்டும்', 'அணையட்டும்' என்று சின்ன மின்னழுத்தத்தில் சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். விளக்கை உண்மையில் எரியவைப்பது லோகோவின் தாய்ப்போர்டில் இருக்கும் டிரான்சிஸ்டர். மார்க்லின் வழியில் வந்த லோகோக்களில் அப்படி இல்லை. அங்கே டிகோடரே பெருக்கிய வெளியீட்டைக் கொடுத்து விளக்கை நேரடியாக எரியவைக்கும். அதனால்தான் இஎஸ்யு கம்பெனி ஒரே டிகோடரை இரண்டு வகையாக விற்கிறது. மார்க்லின் பக்கத்துக்கு உரியதற்கு எம்கேஎல் என்று பெயர். வெளியே பார்த்தால் இரண்டுக்கும் வித்தியாசமே தெரியாது, சாக்கெட்டும் ஒன்றேதான்.

உங்களுக்குப் பிடித்த ஓட்டுநர் அறை விளக்கு பெரும்பாலும் இந்த மூன்றாவது வெளியீட்டில்தான் இருக்கும். ஆகவே அது எரியாமல் போகலாம். அதைக் கண்டு பதற வேண்டாம், பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

அடுத்தது ஸ்பீக்கர். இதைக் கொஞ்சம் நிறுத்தியே சொல்கிறேன், ஏனென்றால் இதில் ஒரு டிகோடரைப் பறிகொடுத்தவன் நான்.

என்னிடம் ஒரு வி 200 லோகோ இருந்தது. அதில் பழைய தலைமுறை சவுண்டு டிகோடர். ஸ்பீக்கர் கரகரவென்று கேட்கிறதே என்று, இன்னொரு லோகோவில் இருந்து நல்ல ஸ்பீக்கர் ஒன்றைக் கழற்றிச் சால்டர் வைத்தேன். இரண்டும் ஒரே அளவு, ஒரே வட்டம், இரண்டு கம்பிதான். போட்டதும் சத்தம் அருமையாக வந்தது. அந்தக் கனத்த சத்தத்தைக் கேட்டு என் மனைவிகூட அடுக்களையில் இருந்து எட்டிப் பார்த்தாள். நிலையத்தை விட்டுக் கிளம்பி இரண்டாவது வளைவு வந்தபோது சத்தம் நின்றது. லோகோ மட்டும் ஓடிக்கொண்டே இருந்தது. மேல்கூட்டைக் கழற்றியபோது எரிந்த பிளாஸ்டிக் வாடை. பூதக்கண்ணாடியில் பார்த்தால், மிளகில் பாதி அளவு சிப் ஒன்றின் முதுகில் கொப்புளம்.

காரணம் இதுதான். அந்தத் தலைமுறை, அதாவது இஎஸ்யுவின் லோக்சவுண்ட் மூன்றரை, 100 ஓம் ஸ்பீக்கருக்காகச் செய்யப்பட்டது. நான் வைத்தது 8 ஓம். ஓம் குறையக் குறைய ஆம்ப்ளிஃபயர் அதிகமாகக் கொடுக்க வேண்டியிருக்கும், அந்தச் சின்னச் சிப் அதைத் தாங்காது. நான்காம் தலைமுறையில் இருந்து 4 முதல் 8 ஓம் என்று மாறிவிட்டது. மாற்றிச் செய்தால், அதாவது புது டிகோடரைப் பழைய 100 ஓம் ஸ்பீக்கரில் கொடுத்தால், எதுவும் எரியாது. சத்தம் மட்டும் அடுத்த அறையில் ரேடியோ பாடுகிற மாதிரி மெல்லிசாக வரும். அந்த டிகோடர் போன துக்கம் எனக்கு இன்னும் போகவில்லை. அதில் இருந்த ஒலிப்பதிவு அதோடு போயிற்று.

ஆகவே உங்கள் 218-இன் ஸ்பீக்கரைக் கழற்றி, இரண்டு கம்பியும் தனியாக இருக்கும்போது மல்டிமீட்டரில் ஓம் பாருங்கள். 8 ஓம் ஸ்பீக்கர் 7 சொச்சம் காட்டும், 4 ஓம் ஸ்பீக்கர் மூன்றரை போலக் காட்டும். அது ஏற்கெனவே அந்த டிகோடரோடு குடித்தனம் நடத்திய ஸ்பீக்கர் என்பதால், இரண்டையும் ஜோடியாகவே மாற்றினால் பயமில்லை. 216-இல் ஏற்கெனவே ஒரு ஸ்பீக்கர் இருந்தால் அதைக் கட்டாயம் கழற்றிவிடுங்கள். இரண்டும் ஒரே இடத்தில் இணைந்தால் ஓம் பாதியாகிவிடும்.

மூன்றாவது, விளக்குப் போர்டு. இதை மாற்ற வேண்டாம் என்பதே என் அபிப்பிராயம். எல்இடிக்கு எதிர்ப்பு (ரெசிஸ்டர்) ஒன்று வேண்டும். சில கம்பெனிகள் அதை விளக்குப் போர்டிலேயே வைக்கின்றன, சில தாய்ப்போர்டில் வைக்கின்றன. இரண்டு கம்பெனிப் போர்டைச் சேர்த்தால், இரண்டு இடத்திலும் எதிர்ப்பு இருந்து விளக்கு மங்கலாம். இரண்டிலும் இல்லாமலும் போகலாம். அப்படியானால் சுவிட்சைப் போட்ட கணத்தில் எல்இடி வெளிச்சமாக ஒரு மின்னு மின்னிச் செத்துவிடும். பார்க்க வேண்டிய இன்னொன்று, திருகு துளைகளும் பொருந்தாது. 216-இன் முகமும் 218-இன் முகமும் ஒரே குடும்பச் சாயல்தான், ஆனாலும் மாடலில் அரை மில்லிமீட்டர் விலகினால் ஒளிக்குழாய் விளக்குக்கு நேரே நிற்காது.

கடைசியாக, எல்லாவற்றுக்கும் முன்னால் செய்ய வேண்டியது. 216-இன் மோட்டார் தண்டவாளத்தில் இருந்தும் சேஸிஸில் (உலோக அடிச்சட்டத்தில்) இருந்தும் முழுசாகப் பிரிந்திருக்கிறதா என்று பாருங்கள். டிகோடர் சாவதற்கு நான் பார்த்தவரை முதல் காரணம் இதுதான். மோட்டாரின் ஒரு கால் எங்காவது சேஸிஸைத் தொட்டால், தண்டவாள மின்சாரம் நேராக டிகோடரின் மோட்டார் வெளியீட்டுக்குள் நுழையும். கண்ணிமைக்கும் நேரம் போதும். 21 பின் சாக்கெட் வைத்த லோகோவில் இதை ஒழுங்காகத்தான் செய்திருப்பார்கள், ஆனாலும் இது யாரோ ஒருவர் கைபட்ட லோகோவா, புதிதா என்று நீங்கள் சொல்லவில்லை. ஃப்ளைஷ்மானின் பழைய வட்ட மோட்டாரிலும், ஹார்ன்பியின் ரிங்ஃபீல்ட் மோட்டாரிலும் ஒரு முனை சேஸிஸோடு சேர்ந்தே இருக்கும். அந்தக் காலத்து லோகோவில் டிகோடர் போடுகிறவர்கள் முதலில் அதைப் பிரித்தாக வேண்டும்.

மீட்டரில் பார்த்துவிட்டு எழுதுங்கள். அதுவரை அந்த டிகோடரை ஸ்பாஞ்ச் வைத்த டப்பாவில் போட்டு வையுங்கள். இப்போது ஹீட்டர் ஓடுகிற காலம், காற்று காய்ந்து கிடக்கிறது. கம்பளத்தில் நடந்து கதவுக் கைப்பிடியைத் தொட்டால் சுருக்கென்று அடிக்கிறது அல்லவா, அந்த அடியை டிகோடர் வாங்கினால் தாங்காது. தொடுவதற்கு முன்னால் ஹீட்டர் குழாயின் பூச்சு இல்லாத இடத்தை ஒருமுறை தொட்டுவிட்டு வாருங்கள்.


மாடி ரயில்வே:

பாயிண்ட்ஸ்மேன் ஐயா சொன்ன சேஸிஸ் விஷயத்துக்கு ஒரு சாட்சி நான். என் ஆட்டம் N அளவு, ஹெச்ஓவைவிடச் சின்னது. அதில் சேஸிஸே இரண்டு உலோகத் துண்டு, ஒன்று இடது தண்டவாளம், இன்னொன்று வலது தண்டவாளம். டிகோடர் ஒரு பலகை மாதிரி அந்த இரண்டுக்கும் நடுவே இறுகிக் கிடக்கும். அதே மாடலின் முந்தைய தயாரிப்பில் இருந்த பலகையைப் பிந்தைய தயாரிப்பில் போட்டேன். பெயர் ஒன்று, நிறம் ஒன்று, உள்ளே பலகையின் கனம் மட்டும் துளி வேறு. ஓடும்போது அதிர்ந்து அதிர்ந்து நகர்ந்து, மோட்டார் தகடு சேஸிஸில் உரசிவிட்டது. புகைகூட வரவில்லை. நின்றது, அவ்வளவுதான்.

இப்போதெல்லாம் மஞ்சள் பழுப்பு நிறக் கேப்டான் டேப் இல்லாமல் மூடுவதில்லை. சாதாரண இன்சுலேஷன் டேப் வேண்டாம். சூட்டில் பசை உருகி வழிந்து தூசியெல்லாம் ஒட்டிக்கொள்ளும்.

ஒரு கேள்வியும் இருக்கிறது. 8 பின் செருகியைத் திருப்பிப் போட்டால் டிகோடர் போய்விடும் என்று ஒருவர் பயமுறுத்தினார். உண்மையா?


ஓம் விதி:

8 பின்னைத் திருப்பிப் போட்டால் ஒன்றும் ஆகாது. அந்தத் தரத்தை எழுதியவர்கள் யோசித்தே அமைத்திருக்கிறார்கள். திருப்பினால் சிவப்புக் கம்பியும் கறுப்புக் கம்பியும் இடம் மாறும், இரண்டும் தண்டவாளம்தான். ஆரஞ்சும் சாம்பலும் மாறும், இரண்டும் மோட்டார்தான். விளக்குகளின் பொதுப் பிளஸான நீலத்தின் இடத்துக்குப் பச்சை வந்துவிடுவதால் விளக்கு எரியாது, லோகோ எதிர்ப்பக்கம் போகும். கழற்றித் திருப்பிப் போட்டால் சரி. நெக்ஸ்ட் 18 என்ற 18 பின் சாக்கெட்டிலும் இதே ஏற்பாடு.

நெக்ஸ்ட் 18-இல் கவனிக்க வேண்டியது வேறு. சத்தம் உள்ள டிகோடரும் சத்தம் இல்லாத டிகோடரும் ஒரே சாக்கெட்டில் போகும். ஆனால் சத்தம் உள்ளதில் ஸ்பீக்கருக்குப் போகும் இரண்டு பின்கள், சத்தம் இல்லாததில் வேறு வேலைக்கு ஒதுக்கப்பட்டிருக்கும். லோகோ எதற்காக இணைக்கப்பட்டிருக்கிறது என்று அதனுடன் வந்த தாளைப் பார்க்காமல் ஒன்றை எடுத்து இன்னொன்றில் போடக் கூடாது.

இப்போது நெக்கார்கரைக்கு. மூன்றாவது வெளியீட்டைப் பற்றி ஐயா சொன்னதில் ஒரு சின்னத் திருத்தம். அபாயம் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இல்லை.

பெருக்கிய வெளியீடு மின்சாரத்தைத் தள்ளுவதில்லை. விளக்கின் ஒரு கால் எப்போதும் பொதுப் பிளஸில், அதாவது 16-ஆவது பின்னில், தொங்கிக்கொண்டிருக்கும். மற்றக் காலை டிகோடர் தரைக்கு இழுத்தால் விளக்கு எரியும், விட்டால் அணையும். சமிக்ஞை வெளியீடு இதற்கு நேர்மாறு. அது டிரான்சிஸ்டரின் கதவைத் திறக்கச் சின்ன மின்னழுத்தத்தை நீட்டும்.

உங்களுடையது எம்கேஎல் வகையாக இருந்து, 216-இன் போர்டு சமிக்ஞையை எதிர்பார்த்தால், டிகோடர் இழுக்கும், டிரான்சிஸ்டரோ யாராவது தள்ளுவார்களா என்று காத்திருக்கும். விளக்கு எரியாது, ஆனால் எதுவும் சாகாது. மாற்றி நடந்தால்தான் ஆபத்து. சமிக்ஞை வகை டிகோடரை எடுத்து, விளக்கு நேராக இணைக்கப்பட்ட மார்க்லின் போர்டில் வைத்தால், பொதுப் பிளஸின் மின்னழுத்தம் விளக்கின் வழியாக வந்து பிராசசரின் காலில் இறங்கும். அந்தக் கால் தாங்குவது சில வோல்ட் மட்டும். ஆகவே நீங்கள் போகிற திசை பத்திரமான திசை.

இன்னொன்று. 218-இல் டிகோடருக்குப் பக்கத்தில் தனியாகக் கெப்பாசிட்டர் பொட்டலம் ஏதாவது தொங்குகிறதா? அழுக்குத் தண்டவாளத்தில் சத்தம் விட்டுப் போகாமல் இருக்க வைப்பார்கள். இருந்தால், அதை வேறு கம்பெனி டிகோடரோடு சேர்க்கவே கூடாது. சிலது இரண்டு கம்பியில் வேலை செய்யும், சிலது மூன்று கம்பி. மூன்றாவது கம்பியில் டிகோடர்தான் எப்போது நிரப்புவது, எப்போது நிறுத்துவது என்று கட்டளையிடும். கம்பி நிறத்தைப் பார்த்து ஊகித்து இணைத்தால் கெப்பாசிட்டர் வெடிக்கும், இல்லாவிட்டால் டிகோடர் போகும்.


நெக்கார்கரை:

மூவருக்கும் மிக்க நன்றி. மூன்று மாலை இதிலேயே போயிற்று. பார்த்ததை வரிசையாக எழுதுகிறேன்.

216 கைபடாத லோகோ. வெறும் இணைப்புத் தகட்டோடு சாதாரண மின்சாரத்தில் ஒருமுறை ஓட்டியிருக்கிறேன், அவ்வளவுதான்.

மீட்டரை மோட்டார் காலிலும் சக்கரத்திலும் வைத்தபோது 20 ஓம்கூட இல்லை. நெஞ்சு பதறிவிட்டது, சேஸிஸைத் தொடுகிறது என்றே நினைத்தேன். அரை மணி நேரம் கழித்துத்தான் உறைத்தது: இணைப்புத் தகடு இன்னும் செருகியே இருக்கிறது, அதன் வேலையே தண்டவாளத்தையும் மோட்டாரையும் சேர்ப்பதுதான். அதைக் கழற்றிவிட்டுப் பார்த்தேன். மோட்டாரின் இரண்டு காலுக்கும் சக்கரத்துக்கும், சேஸிஸுக்கும், எங்கே வைத்தாலும் தொடர்பே இல்லை.

ஸ்பீக்கர் 3.6 ஓம். கெப்பாசிட்டர் பொட்டலம் இல்லை. பெரியவர் பெட்டியின் அடியில் டிகோடர் வாங்கிய ரசீதையும் மடித்த தாளையும் வைத்திருக்கிறார். இஎஸ்யு, லோக்சவுண்ட் 5, எம்கேஎல். ஓம் விதி சொன்னது சரிதான்.

ஆனால் டிகோடரைச் செருகி, எழுதும் பாதையில் (டிகோடரின் அமைப்புகளைப் படித்து மாற்றும் தனிப் பாதை) வைத்து சிவி 8-ஐ, அதாவது கம்பெனி எண் இருக்கும் அமைப்பை, படித்தால், கட்டுப்பாட்டு நிலையம் 'பதில் இல்லை' என்கிறது. டிகோடர் போய்விட்டதா?


பழைய பாயிண்ட்ஸ்மேன்:

போகவில்லை தம்பி. எழுதும் பாதையில் டிகோடர் எப்படிப் பதில் சொல்கிறது தெரியுமா? அதற்கு வாய் கிடையாது. மோட்டாரை ஒரு துளி உதைத்து, 6 மில்லி விநாடி நேரம் 60 மில்லி ஆம்பியர் கூடுதலாக இழுக்கும். நிலையம் அந்த இழுப்பைப் பார்த்துத்தான் 'ஆம்' என்று எடுத்துக்கொள்ளும். மோட்டாருக்கு வழி விட்டுப்போனாலும், சக்கரம் அழுக்காக இருந்தாலும் பதில் போய்ச் சேராது. சக்கரத்தைத் துடையுங்கள். அப்புறம் டிகோடர் சாக்கெட்டில் முழுதாக இறங்கியிருக்கிறதா பாருங்கள். பக்கவாட்டில் கண்ணை வைத்துப் பார்த்தால் இரண்டு ஓரத்திலும் இடைவெளி ஒரே அளவாக இருக்க வேண்டும்.

படித்ததும் 151 வர வேண்டும், அது இஎஸ்யுவின் எண். ஸிமோ கம்பெனியாக இருந்தால் 145 வரும். எதையும் மாற்றுவதற்கு முன்னால் இருக்கிற சிவி மதிப்புகளை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். பெரியவர் தன் கையால் ஏதாவது திருத்தியிருப்பார். சிவி 8-இல் 8 என்று எழுதினால் எல்லாம் ஆரம்ப நிலைக்குப் போய், முகவரி 3 ஆகிவிடும். ஒலி அழியாது, ஆனால் அவர் வைத்த சத்த அளவுகளும் பொத்தான் வரிசையும் போய்விடும். அவர் கையால் வைத்ததை நாம் ஏன் அழிக்க வேண்டும்? முகவரியை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள்.

அந்த டிகோடர் பழகியது வேறு மோட்டாரோடு. 216-இன் மோட்டாருக்கு அதே அளவுகள் ஒத்துவராது. மெதுவாக ஓட்டும்போது திக்கித் திக்கிப் போகும், அல்லது நடுங்கும். நிறையப் பேர் இதைப் பார்த்துவிட்டு டிகோடர் கெட்டுவிட்டது என்று தூக்கிப் போடுகிறார்கள், எனக்கு வயிறு எரியும். இஎஸ்யுவில் அதற்கு வழி வைத்திருக்கிறார்கள். சிவி 54-இல் 0 எழுதி, நேரான நீளப் பாதையில் நிறுத்தி, எஃப் 1 பொத்தானை அழுத்துங்கள். லோகோ ஒன்றரை விநாடி முழு வேகத்தில் பாயும். பாய்ந்து முடிந்ததும் மோட்டாரின் குணத்தைத் தானே அளந்து எழுதிக்கொள்ளும். முன்னால் குறைந்தது ஒரு மீட்டராவது காலி இடம் இருக்கட்டும், பலகை ஓரத்தில் வைக்காதீர்கள். ஒரு லோகோ விழுந்தது போதும்.

சத்தத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும், பிறகு நீங்களே கண்டுபிடித்து வருத்தப்படக் கூடாது. 218-இல் இருப்பது 12 சிலிண்டர், எம்டியு 956, 2500 அல்லது 2800 குதிரைசக்தி. 216-இல் 16 சிலிண்டர், 538 வகை, 1900 குதிரைசக்தி. காதுபழகியவர்களுக்கு இரண்டும் வேறு. 218 பயணிகள் பெட்டிக்கு மின்வெப்பம் கொடுக்க வேண்டும் என்பதால், நிலையத்தில் நிற்கும்போதுகூட எஞ்சின் வேகத்தை ஏற்றிக்கொண்டு இரையும். 216-இல் நீராவி வெப்பம், அந்த இரைச்சல் கிடையாது. எந்தப் பொத்தானில் அது இருக்கிறதோ அதைத் தொடாமல் விட்டால் போதும். இதற்காக ஒலியை மாற்றிவிடுங்கள் என்று நான் சொல்ல மாட்டேன். நீங்கள் காப்பாற்ற நினைத்ததே பெரியவர் போட்டுக் காட்டிய சத்தத்தைத்தான்.


நெக்கார்கரை:

151 வந்துவிட்டது. டிகோடர் ஒரு ஓரத்தில் அரை மில்லிமீட்டர் தூக்கிக்கொண்டு நின்றது, அதுதான் காரணம்.

சிவி எல்லாம் நோட்டில் எழுதிக்கொண்டேன். சிவி 54 வேலையும் முடிந்தது. முன்னால் ஒன்றரை மீட்டர் விட்டும், என் மகள் கையை விரித்துக்கொண்டு பாதை முனையில் நின்றாள். இப்போது 216 நத்தை மாதிரி ஊர்கிறது, நடுக்கமே இல்லை. முன்விளக்கு, பின்விளக்கு சரி. ஓட்டுநர் அறை விளக்கு, நீங்கள் இருவரும் சொன்ன மாதிரியே, எரியவில்லை. 218-இன் விளக்குப் போர்டை மாற்றும் எண்ணத்தை விட்டுவிட்டேன். 216-க்கு என்று தனியாக ஒரு எல்இடி வைத்துக்கொள்ளலாமா? டிரான்சிஸ்டரைத் தாண்டி எப்படிப் போவது?


ஓம் விதி:

தாராளமாக. தாய்ப்போர்டில் 13-ஆவது பின் வந்து சேரும் இடத்தையும், 16-ஆவது பின் வந்து சேரும் இடத்தையும் மீட்டரின் பீப் சத்தத்தில் தேடிப் பிடியுங்கள். டிகோடரைக் கழற்றிவிட்டுத்தான் தேட வேண்டும், சால்டர் வைக்கும்போதும் அது டப்பாவிலேயே இருக்கட்டும். எல்இடியின் நீளக் கால் 16-க்கு, குட்டைக் கால் ஒரு எதிர்ப்பின் வழியாக 13-க்கு. 1 கிலோ ஓமில் ஆரம்பியுங்கள். அதற்குக் கீழே போக வேண்டாம். போர்டில் 13-இல் இருந்து டிரான்சிஸ்டருக்குப் போகும் தடத்தை ஒரு கத்தி முனையால் கீறிப் பிரித்துவிடுங்கள், மனதுக்கு நிம்மதி. பிற்காலத்தில் யாராவது சமிக்ஞை வகை டிகோடரை அதில் போட்டுவிடக் கூடாது என்பதால், மேல்கூட்டின் உட்புறத்தில் ஒரு சின்னத் தாளில் எழுதி ஒட்டுங்கள்: 13-ஆவது பின் நேரடி விளக்கு, எம்கேஎல் மட்டும்.


நெக்கார்கரை:

செய்துவிட்டேன். 1 கிலோ ஓமில் அந்தச் சின்ன அறை அறுவை அரங்கு மாதிரி வெளுத்துப்போய் இருந்தது. 4.7 கிலோ போட்டதும் பழைய பல்பின் மஞ்சள் வந்துவிட்டது, ஓட்டுநர் பொம்மையின் தொப்பி மட்டும் மங்கலாகத் தெரிகிறது. தாளும் எழுதி ஒட்டினேன். எழுதியது மகள், எழுத்து கொஞ்சம் பெரிசாகப் போய்விட்டது.

சனிக்கிழமை ஒரு மீட்டர் தண்டவாளத்தையும் சின்னக் கட்டுப்பாட்டு நிலையத்தையும் பையில் போட்டுக்கொண்டு பெரியவரைப் பார்க்கப் போகிறோம். 218 விழுந்ததை அவளே சொல்லப்போகிறாளாம். சொல்லிவிட்டு, எஃப் 1-ஐ அவர் கையால் அழுத்தச் சொல்ல வேண்டும் என்கிறாள்.